இரண்டு பழைய பிராசசர்களும் ஒரு பல் டாக்டரும்

கண்ணாடிக் கடையின் முன்பக்கத்தில் விளக்குகளும் நிலைக்கண்ணாடிகளும் சுவர் முழுக்க அடுக்கிய ஃபிரேம்களும் இருக்கும். பின்னறையில் ஒரு மேஜை, லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், கழுத்தை வளைத்து நிற்கும் ஒரு விளக்கு, அப்புறம் அவர். வாடிக்கையாளர் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் யாரையும் பார்த்ததில்லை. ஃபிரேமும் லென்ஸும் ஒரு தட்டில் வைத்து உள்ளே வரும்; லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தி, அதே தட்டில் வெளியே அனுப்புவார். வருஷத்துக்கு ஒருமுறை பவர் கூடிக்கொண்டே போகிற ஒரு கண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணின் சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று தெரியாது.

கடையில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கடையே கண்ணாடிக் கடை, முதலாளியும் கண்ணாடிதான் விற்கிறார், ஆனாலும் பட்டம் இவருக்குத்தான் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தேழு. அப்பா பக்கவாதம் வந்து படுத்தபோது இவருக்கு முப்பது கூட ஆகவில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கும்போது பெண் கொடுக்க யார் வருவார்கள் என்று முதலில் உறவுக்காரர்கள் சொன்னார்கள். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சதுரங்கம் அந்த நாட்களில் வந்ததுதான். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யக்கூடியதாக, எந்த நிமிஷமும் பாதியில் விட்டு எழுந்து ஓடக்கூடியதாக ஏதாவது வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு தளம் கிடைத்தது. அங்கே ஒரு மூவுக்குப் பல நாள் அவகாசம். நீங்கள் ஒரு காயை நகர்த்திவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டலாம், துணி மாற்றலாம், வேலைக்குப் போய்விட்டு வரலாம். எதிராளியும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தன் சோலியைப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பதில் மூவ் போடுவார்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் பல் டாக்டர். பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் ஒரு ஊர். வயதில் இவரைவிட இருபது வருஷம் மூத்தவர். முதல் ஆட்டத்திலேயே, மூவோடு சேர்த்து ஒரு வரி எழுதியிருந்தார்: "உங்க குதிரை நல்லா மாட்டிக்கிச்சு. கடைவாய்ப் பல்லு மாதிரி மெதுவா ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்." அப்பா தூங்கிக்கொண்டிருந்த அந்த அறையில் கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பதிலுக்கு, "மயக்க ஊசி போடுங்க டாக்டர்" என்று எழுதினார்.

அதன் பிறகு வரி இல்லாமல் மூவ் வந்ததே இல்லை. இன்று மழை, கிளினிக்கில் ஈ ஓட்டுகிறேன் என்பார் டாக்டர். பல் பிடுங்க வந்த போலீஸ்காரர் நாற்காலியில் ஏறியதும் அழுத கதை ஒன்றை மூன்று மூவுக்குத் தொடராகச் சொன்னார். இவரும் தன் பங்குக்குச் சொல்வார்: கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுகிறேன் என்று கடைக்குப் போன் செய்த பாட்டியைப் பற்றி, லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தி முதலாளியிடம் மாட்டிக்கொண்ட நாளைப் பற்றி. இருவரும் கம்ப்யூட்டர் உதவி இல்லாமல், சொந்த மூளையால்தான் ஆடினார்கள். அப்படி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. சொல்லாமலே இருந்தது.

அப்பா போன அன்று, "அப்பா தவறிட்டார். கொஞ்ச நாள் லீவு போடறேன்" என்று எழுதினார். அந்தத் தளத்தில் லீவு போட்டால் உங்கள் கடிகாரம் நின்றுவிடும். டாக்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நானும் லீவு போட்டுட்டேன். ரெண்டு பேர் கடிகாரமும் நிக்கட்டும்" என்று மட்டும் எழுதினார். சாவு வீட்டுக்கு வந்து போனவர்கள் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில் ஒன்றுகூட இவருக்கு ஞாபகம் இல்லை. இந்த வரி ஞாபகம் இருக்கிறது.

பிறகு வீட்டில் நேரம் குவிந்தது. அப்பாவின் கட்டிலைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த அறையின் கதவைச் சாத்தியே வைத்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் பாத்திரத்தில் தட்டு மோதுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கை பேசுவாள்.

"சாப்ட்டியாண்ணா?"

"ஆச்சும்மா."

"என்ன செஞ்ச?"

"ஏதோ செஞ்சேன்."

"ஒழுங்கா சாப்பிடுண்ணா. இரு, குக்கர் கத்துது, அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்.

நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் அதே தளத்தில் ஒரு போட்டியில் சேர்ந்தார். அங்கே விதி வேறு. கம்ப்யூட்டரின் உதவியோடு ஆடலாம். எல்லாரும் அப்படித்தான் ஆடுவார்கள். ஒரு நிலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அது கோடிக்கணக்கான சாத்தியங்களைத் துழாவி இதுதான் நல்ல மூவ் என்று சொல்லும். யாருடைய இயந்திரம் அதிக ஆழம் போகிறதோ அவர் கை ஓங்கும். இவரிடம் இருந்தது கடையில் ஓய்வு கொடுத்த ஒரு லேப்டாப். அது கொஞ்ச தூரம் யோசிப்பதற்குள் மூச்சு வாங்கியது. குழுவில் கடைசி இடம். ஜெயித்தவர்களில் ஒரு பையன், "ப்ரோ, என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். சொன்னார். "லேப்டாப்பா? பாவம் ப்ரோ நீங்க" என்று எழுதினான்.

தோற்றதைவிட அந்தப் பாவம்தான் உறுத்தியது.

புதிய இயந்திரம் வாங்குகிற வசதி இல்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் கூடிப் பேசுகிற இடங்கள் இணையத்தில் இருந்தன. அங்கே ஒரு வழி சொன்னார்கள். பெரிய ஆபீஸ்களில் சர்வர் என்று வைத்திருப்பார்களே, அவற்றைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துக் கட்டுவார்கள். அதன் மூளையான பிராசசர்கள் பழைய சாமான் கடையில் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒன்றுக்குள் ஆறு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆறு மூளை. இரண்டு பிராசசர் ஏற்கும் மதர்போர்டு ஒன்று கிடைத்தால் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் இன்றைய கணக்குக்கு மந்தம்தான். ஆனால் அதன் வேகத்தைத் தயாரித்தவர்கள் வைத்த அளவுக்கு மேல் முடுக்கிவிடலாம். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். சூடாகும், கரண்ட் குடிக்கும், சில சமயம் செத்தும் போகும். தப்பிப் பிழைத்தால், பெரிய விலை கொடுத்து வாங்குகிற இயந்திரத்தோடு போட்டி போடும்.

பழைய சாமான் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கீபோர்டுகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கடைக்கார அம்மா, மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்து ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். இவர் கேட்டதும் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே பிராசசர்கள் சில்லறைபோலச் சத்தம் போட்டன.

"இதெல்லாம் ஏதோ ஆபீஸ்லேருந்து வந்தது. வருஷக்கணக்கா ராத்திரி பகல் தூங்காம வேலை பார்த்ததுங்க. ரிட்டயர் ஆனதைப் பிடிச்சு மறுபடி வேலைக்குக் கூப்பிடறீங்களே சார், பாவமா இல்ல?"

"சம்பளம் உண்டும்மா."

"நல்லா சொன்னீங்க போங்க" என்று சிரித்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். மதர்போர்டுதான் பிரச்சினை. சர்வர் போர்டுகள் வேகத்தைக் கூட்ட விடாது. கூட்டவும் விட்டு, இரண்டு பிராசசரையும் ஏற்கும் போர்டு அபூர்வம். அம்மா யோசித்துவிட்டு உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"வீடியோ எடிட்டிங் பண்றவங்க விட்டுட்டுப் போனது. மூணு பேர் வாங்கிட்டுப் போனாங்க. மூணு பேரும் பாதி மெமரி தெரியலன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. எந்த ஸ்கூல்லயும் சேர்த்துக்காத புள்ள மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. எடுத்துட்டுப் போங்க. திருப்பி மட்டும் கொண்டாராதீங்க."

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில், கடையின் பின்னறை விளக்குக்குக் கீழே அந்த போர்டை வைத்து, லென்ஸில் கீறல் பார்க்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். பிராசசர் உட்கார்கிற குழியில் ஆயிரத்துக்கும் மேல் ஊசிகள், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. காற்றில் வளைந்த வயல் மாதிரி இருந்தது. இரண்டாவது குழியின் ஓரத்தில் ஒரே ஓர் ஊசி மட்டும் பக்கத்து ஊசிமேல் படுத்துக் கிடந்தது. பாதி மெமரி தெரியாமல் போனது இதனால்தான். மூச்சை அடக்கிக்கொண்டு, ஃபிரேமின் மூக்குப் பட்டையை மாட்டுகிற மெல்லிய இடுக்கியால் அதைத் தொட்டார். கொஞ்சம் தூக்கினால் போதும். கொஞ்சம் அதிகம் போனால் உடைந்துவிடும். தூக்கினார். நின்றது.

நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முதலாளி கதவருகே வந்து, "அது யாரோட ஆர்டர்?" என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்."

"கண்ணாடியா அது?"

"இல்ல சார்."

"சரி, சரி, அந்த பைஃபோகல் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

போர்டு எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாத அளவுக்குப் பெரிது. அப்பாவின் மருந்துகள் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, அதன்மேல் எல்லாவற்றையும் திறந்தவெளியாகவே பொருத்தினார். வைக்க இடம் வேண்டும். வெகு நாளாகச் சாத்திக் கிடந்த அந்த அறையைத் திறந்தார். கட்டில் இருந்த இடத்தில், கட்டிலின் நான்கு கால் அச்சும் தரையில் அப்படியே இருக்க, ஒரு மேஜையைப் போட்டு அதில் பலகையை வைத்தார்.

அடுத்த சில மாதங்கள் அவர் வேறு ஆளாக இருந்தார். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னும், சாயங்காலம் வந்து கைகால் கழுவிய கையோடும் அந்த அறைதான். வேகத்தை ஒரு படி கூட்டுவார். எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் வதைக்கிற ஒரு சோதனையை ஓட்டுவார். திரை உறைந்து நின்றுவிடும். மெமரியின் வேகமும் கூடவே ஏறிவிட்டதால் வந்த வினை என்று கண்டுபிடித்து, அதைத் தனியாகக் குறைப்பார். மின்னழுத்தத்தைத் துளி கூட்டுவார். சில சமயம் இயந்திரம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அப்போது போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி மாட்டினால், பட்ட பாடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி பழைய வேகத்தில் எழுந்துகொள்ளும்.

பல் டாக்டரோடு ஆட்டம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. போனில் மூவ் வந்த சத்தம் கேட்டால், வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடியே பார்ப்பார். பதில் அப்புறம் நிதானமாக எழுதலாம் என்று மூவை மட்டும் போட்டு அனுப்புவார். ஒருமுறை கிளினிக்கைப் பற்றி நாலைந்து வரி நீளமாக வந்திருந்தது. சாயங்காலம் படிக்கலாம் என்று வைத்தார். அன்று சாயங்காலம் மின்சாரம் கொடுக்கிற பெட்டியிலிருந்து கருகிய வாடை வந்து, வேறொன்று தேடிச் சாமான் கடைக்கு ஓடும்படி ஆகிவிட்டது.

இரண்டு பெரிய விசிறிகளும் நான்கு சிறிய விசிறிகளும் ஒன்றாகச் சுழன்றபோது, கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார்.

"மாடியில மாவு மில்லு ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"கம்ப்யூட்டர் சார்."

அவர் எட்டிப் பார்த்தார். பலகை, வயர்கள், அனலாக அடிக்கிற காற்று. "இதுல என்ன பண்ணுவீங்க?"

"செஸ் ஆடுவேன் சார்."

வீட்டுக்காரர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு கேரம் போர்டு வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நிலைத்தது. திரையில் இருபத்து நான்கு சின்னக் கட்டங்கள். கோர் ஒன்று இரண்டு ஆட்களாகத் தோற்றம் காட்டும் என்பதால் அத்தனை. ஒவ்வொன்றும் விளிம்புவரை நிரம்பி, ஆடாமல் அசையாமல் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், நின்றது. துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு வந்து பார்த்தார், நின்றது. ஆபீஸ் துரத்திவிட்ட இரண்டு பிராசசர்கள், பிறந்தபோது இருந்ததைவிட வேகமாக, அப்பாவின் அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பல வருஷம் அந்த அறையிலிருந்து ஒரு முனகல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்துப் பழகியவர் அவர். இப்போது அங்கிருந்து மறுபடி ஒரு சத்தம் வந்தது. அது அவருக்கு வேண்டியிருந்தது என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று தங்கை பேசியபோது சொன்னார்.

"பன்னிரண்டு கோரும்மா. ஓவர்கிளாக் பண்ணி ஸ்டெடியா ஓடுது."

"அப்படின்னா என்னண்ணா?"

"பழசை வேகமா ஓட வைக்கறது."

"உனக்கே பிரஷர் இருக்கு, நீ எதையும் வேகமா ஓட வைக்காத. சாப்ட்டியா?"

போட்டிகளில் நிலைமை மாறியது. தோற்பது நின்றது. ஆட்டங்கள் சமனாக முடிந்தன, பிறகு சிலவற்றில் ஜெயித்தார். அடுத்த படிக்கு உயர்ந்தார். பாவம் சொன்ன பையனையே ஓர் ஆட்டத்தில் மடக்கினார். "ப்ரோ, இப்ப என்ன மெஷின்?" என்று கேட்டான். இவர் உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவிலிருந்து தொடங்கி, ஊசி, பலகை, பேட்டரி என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அந்த வாரம் பல் டாக்டரோடு நடந்த ஆட்டம் ஒரு முட்டுச்சந்தில் நின்றது. இவருடைய யானை பூட்டிக் கிடந்தது. எந்தக் காயை எடுத்தாலும் ஏதோ ஒன்று போகும். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ராத்திரி, சும்மா பார்க்கலாம், அது சொல்வதைப் போட வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று, அந்த நிலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார். விசிறிகள் உறுமின. அது காட்டிய மூவ் விசித்திரமாக இருந்தது. பாதுகாப்பாக உட்கார்ந்திருந்த ராஜாவை, காரணமே இல்லாமல், மூலையிலிருந்து ஒரு கட்டம் வெளியே வைக்கச் சொன்னது. பதினைந்து மூவுக்கு அப்புறம்தான் அதன் பலன் தெரியும். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. போட்டுவிட்டார்.

டாக்டரிடமிருந்து மூவ் மட்டும் வந்தது. வரி இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இவர் இயந்திரத்தைக் கேட்டுக் கேட்டே முடித்தார். டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு, "நல்ல ஆட்டம். வாழ்த்துகள்" என்று எழுதினார்.

அவர் ஒருபோதும் வாழ்த்துகள் என்று எழுதுகிற ஆள் இல்லை. தோற்றால், "என் பல்லைப் பிடுங்கிட்டீங்க, ஃபீஸ் அனுப்பறேன்" என்பார். ஓர் ஆட்டம் முடிந்த உடனே அடுத்ததற்கு அழைப்பு வந்துவிடும். இந்த முறை வரவில்லை. இவர் ஓர் அழைப்பு அனுப்பினார். அது பல நாள் கிடந்து, தானாகக் காலாவதியாகி மறைந்தது.

அந்த இயந்திரத்தால்தான் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், தன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட்டார். கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அந்த ராஜா மூவ்தான் கண்முன் நின்றது. வெயில் காலம் தொடங்கியது. அப்பாவின் அறை உலை மாதிரி கொதித்தது. போட்டி ஆட்டங்கள் நடந்தன; எதிராளிகளும் இதே போல இயந்திரம் வைத்திருந்தார்கள்; எல்லா ஆட்டமும் சமனாகவே முடிந்தது. ஏன் இந்த மூவ் என்று யாராவது கேட்டால் அவரால் சொல்ல முடியாது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. இரண்டு இயந்திரங்கள் தமக்குள் பேசி முடித்ததைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற குமாஸ்தா மாதிரி இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் தாங்க முடியாமல் எழுதினார்: "டாக்டர், அந்த ராஜா மூவ் என்னோடது இல்ல. கம்ப்யூட்டர் சொன்னது. தப்புதான். மன்னிச்சுடுங்க." கீழே தன் போன் நம்பரையும் போட்டார்.

மறுநாள் சாயங்காலம், கடையிலிருந்து வீடு திரும்பும் வழியில் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ, யாருங்க?"

"பல்லு வலிக்குதா சார்?" என்றது ஒரு மெல்லிய, கீச்சுக் குரல். இத்தனை வருஷமாக அவர் மனசுக்குள் டாக்டருக்குக் கொடுத்து வைத்திருந்த கனத்த குரல் அப்போதே காணாமல் போயிற்று. தெருவோரத்தில், பூட்டிய ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரா?"

"நானேதான். மூவா? அது அன்னிக்கே தெரியுமே. ராஜாவை எழுப்பி நடக்க விடற ஆளா நீங்க? போர்வை போத்தி மூலையில படுக்க வைக்கற ஆளாச்சே."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"அதுக்கா? போங்க சார். விளையாட்டுதானே."

"அப்புறம் ஏன் டாக்டர் ஒண்ணுமே எழுதல? ஆட்டத்துக்கும் வரல?"

 பின்னணியில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிப்பது கேட்டது.

"நீங்க எழுதலையே சார். அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களே. கை நடுங்குது, கிளினிக்கை மூடறேன்னு எழுதினேன். நாப்பது வருஷம் நின்ன இடம். அதை எழுதறதுக்கே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நீங்க பதிலுக்குக் குதிரையை எடுத்து வச்சீங்க."

கண்ணாடிக்காரர் படியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சரி, மனுஷனுக்குச் சலிச்சுப் போச்சு, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விட்டுட்டேன். அப்புறம் மக வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இங்க வீடு நிறைய ஆளு. ரெண்டு பேத்தி, ஒரு நாயி. போர்டு வைக்கக்கூட இடம் இல்ல."

"நான் அதைப் படிக்கவே இல்ல டாக்டர். சாயங்காலம் படிக்கலாம்னு…"

"தெரியுது, இப்பத் தெரியுது. விடுங்க."

விடுங்க என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, அந்த ஆட்டத்தைத் திறந்து, பழைய வரிகளை ஆரம்பத்திலிருந்து படித்தார். ஒரு பக்கம் டாக்டருடைய வரிகள். கை டம்ளரைப் பிடிக்கும்போது ஆடுகிறது. ஒரு சின்னப் பையனுக்கு ஊசி போடும்போது தனக்கே பயம் வந்துவிட்டது. நாற்காலியை யாரோ பழைய விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்க மனசு வரவில்லை. இவர் பக்கம் வெறும் மூவ், வெறும் மூவ், வெறும் மூவ். உள்ளே விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து போய் நிறுத்தினார். அந்த அறையில் சூடு இறங்க வெகு நேரமாயிற்று.

அடுத்த மாதம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, டாக்டரின் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். முதலாளி ஆச்சரியப்பட்டார்; அப்பா காரியத்துக்கு அப்புறம் இவர் லீவு கேட்டதே இல்லை. "சொந்தக்காரங்களா?" என்றார். இவர், "ஆமா சார்" என்றார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். "நீங்கதானா அது! அப்பா காலையிலேருந்து பத்து தடவை வாசலைப் பார்த்துட்டார். உள்ள வாங்க. நாய் ஒண்ணும் செய்யாது, நக்கும், அவ்வளவுதான்."

டாக்டர் வாட்டசாட்டமான ஆள். அந்தக் குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. இருவரும் எழுந்து நின்று, கை கொடுப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தார்கள்.  எழுத்தில் அத்தனை சரளமாக இருந்த இரண்டு பேரும், பஸ்ஸில் கூட்டமா, வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சண்டை போட வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?" என்றாள்.

போர்டை ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். டாக்டரின் விரல்கள் காயின் தலையைத் தொடும்போது தந்தியடித்தன. பக்கத்துக் காய் சாயும். இவர் நிமிர்த்தி வைப்பார். நாள்கணக்கில் யோசித்துப் பழகியவர்களுக்கு, எதிரில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஆடுவது வரவில்லை. இரண்டு பேரும் வெட்கக்கேடாக ஆடினார்கள். பேத்திகளில் சின்னவள் சைக்கிளோடு ஸ்டூலை இடித்தாள். குக்கர் கத்தியது. நாய் விழுந்த சிப்பாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓட, பெரியவள் துரத்தினாள்.

"உங்க மெஷினைப் பத்திச் சொல்லுங்க" என்றார் டாக்டர், மந்திரியை எடுத்து யோசனையாகக் கையில் வைத்தபடி. "இத்தனை மாசம் என்னை விட்டுட்டு அதோட குடும்பம் நடத்தினீங்களே."

சொன்னார். முதலிலிருந்து, ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் நடுநடுவே கேட்டார், ஏன் சூடாகிறது, எவ்வளவு முடுக்கலாம், தாண்டினால் என்ன ஆகும். "வயசானவங்களை இப்படிப் படுத்தலாமா?" என்று சிரித்தார். "இப்ப எப்படி ஓடுது?"

"இப்ப முடுக்கறதில்ல டாக்டர். பழைய வேகத்துலயே விட்டுட்டேன். சத்தம் கம்மி. போட்டிக்கு மட்டும் போடறேன்."

"ஜெயிக்குதா?"

"தோக்கல."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. டாக்டரின் முறை. அவர் கன்னத்தில் கை வைத்துப் போர்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரர் கவனித்தார், தலை மெல்ல மெல்ல இறங்கி, தாடை மார்பில் பட்டு, சீரான ஒரு குறட்டை கிளம்பியிருந்தது.

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ, தூங்கிட்டாரா? உங்களை உட்கார வச்சுட்டு! எழுப்பட்டுமா?"

"வேண்டாம்மா. அவர் மூவ்தான். யோசிக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் மூக்குக்கண்ணாடி நழுவி நுனியில் நின்றது. விழாமல் அதை மெதுவாகக் கழற்றி, மடித்து, ஸ்டூலில் வைத்தார். வலது லென்ஸ் தளர்ந்திருந்தது. பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதை இறுக்கினார். யாருடைய கண் என்று தெரிந்தே ஒரு கண்ணாடியைத் தொடுவது அவருக்கு அபூர்வம்.

ஜன்னலில் வெயில் சாய்ந்தது. பேத்திகள் டியூஷனுக்குக் கிளம்பிப் போனார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து, போர்டைக் கலைக்காமல் நகர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டார். மகள் வாசல்வரை வந்து, "அப்பா எழுந்ததும் கோவிச்சுக்குவார்" என்றாள்.

"நான் எழுதறேன்னு சொல்லும்மா."

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஊர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு போனை எடுத்து, மூவ் எதுவும் இல்லாமல், டாக்டருக்கு எழுதத் தொடங்கினார்.